ஒரு கெரிஸ் பிடியில் 23 குழிகள்

மூன்று மாதத்துக்கு முன் அலுவலக நண்பர் ஒருவர், பழைய பாத்திக் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொருளை என் மேசையில் வைத்துவிட்டு, "இதில் 23 கல் விழுந்துவிட்டது, எண்ணிப் பார்த்துவிட்டேன்" என்றார். பிரித்தால் ஒரு கெரிஸ் பிடி, அதாவது மலாய், ஜாவானிய மக்களின் குத்துவாளுக்கான கைப்பிடி. கருஞ்சிவப்பு மரம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, இலையும் பூவுமாக இடைவெளியே விடாமல் செதுக்கியது, அடியில் கறுத்துப்போன ஒரு வெள்ளி வளையம். கத்தியும் உறையும் அவருடைய அத்தை வீட்டில் இருக்கின்றன, பிடியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் கேட்டாராம், சிவப்புக் கல் வைத்து அரை நாளில் தந்துவிடுவதாகச் சொன்னார்களாம். "உங்கள் அப்பா கல் பதிக்கிற வேலைதானே செய்தார், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள், சனிக்கிழமை கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று புதன்கிழமை. இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் யாரும் இதைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், ஊசி விட்டுக் குடைய வேண்டாம் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள் என்று கேட்டார்.

காரணம் இதுதான். வெறும் குழியில் புதுக்கல் வைப்பவர் முதலில் செய்யும் வேலை, குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. அரக்கோ பிசினோ எதுவும் மிச்சம் இருந்தால் கல் உட்காராது, அதனால் கூர்முனை விட்டு ஒரு சுற்று சுற்றி ஊதிவிடுவார். ஊதியதில் போவதுதான் நமக்குத் தேவையானது. அங்கே என்ன இருந்தது, எதை வைத்து ஒட்டினார்கள், தானாக விழுந்ததா, யாராவது நெம்பினார்களா, உண்மையில் ஏதாவது இருந்ததா இல்லையா, இது அத்தனைக்கும் சாட்சி அந்தக் குழிக்குள் இருக்கும் கடுகளவு அழுக்குதான். அப்பா வடசேரியில் கோயில் நகைகளுக்குக் கெம்புக்கல் பதித்தவர். பழைய பதக்கம் பழுதுக்கு வந்தால் கருவியைத் தொடுவதற்கு முன் சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு காலிக் குழியையும் பார்ப்பார், அப்புறம் குழிக்கு ஒரு துண்டுக் காகிதம் வைத்து அதில் உதிர்ந்ததைத் தனித்தனியாக மடித்து வைப்பார். சின்ன வயதில் அது எனக்கு வீண்வேலையாகத் தெரிந்தது.

நண்பரின் குடும்பம் பவேயான் தீவிலிருந்து வந்தது. இந்தோனேசியாவின் ஜாவா கடலில், மதுரா தீவுக்கு வடக்கே தனியாகக் கிடக்கும் தீவு அது. பேசுவது மதுரா மொழியின் ஒரு கிளை, சிங்கப்பூரில் அவர்களை போயான் மக்கள் என்பார்கள். அந்தக் காலத்தில் இங்கே குதிரை பழக்குவதும் வண்டி ஓட்டுவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை, நண்பரின் தாத்தாவும் ஓட்டுநர்தான். ஆகவே பிடி மதுரா பாணியில் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. நடு ஜாவாவின் சோலோ, யோக்யகர்த்தா பிடிகள் கிட்டத்தட்ட மொழுமொழுவென்று இருக்கும், உள்பக்கம் இரண்டே இடத்தில் சின்னச் செதுக்கல், அவ்வளவுதான். மதுராக்காரர்கள் அப்படி நிறுத்துவதில்லை. மரமோ எலும்போ தந்தமோ, உடம்பு முழுவதும் கொடி ஓடும், பூ பூக்கும், மதுராவின் கிழக்கே உள்ள சுமெனெப் பக்கத்துப் பிடிகளில் ஐரோப்பியக் கிரீடமும் சிறகுள்ள குதிரையும்கூட உட்கார்ந்திருக்கும். (தந்தப் பிடி பற்றிக் கேட்பவர்களுக்கு: வாங்காதீர்கள். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை விற்பதே சட்டவிரோதம். பழையது என்று சொல்வதெல்லாம் பழையதும் அல்ல.)

பிடியின் உறுப்புகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும். பிடியை மலாயில் ஹுலு என்பார்கள், ஜாவானிய மொழியில் உகிரான், தெதெர் என்று பல பெயர். உகிரான் என்றாலே செதுக்கியது என்றுதான் அர்த்தம். கத்தியின் வால்போன்ற கம்பி பிடியின் அடியில் உள்ள துளைக்குள் போகும். ஜாவாவிலும் மதுராவிலும் அதை ஆணி அடித்து நிறுத்துவதில்லை, கம்பியில் துணி சுற்றி இறுக்கிச் செருகுவார்கள், திருகினால் கழன்றுவிடும். பிடிக்கும் கத்திக்கும் நடுவே ஒரு வளையம் வரும், அதுதான் மெண்டாக். வசதியுள்ள வீட்டுக் கெரிஸில் மெண்டாக்குக்கு மேலே, பிடியின் கழுத்தைத் தழுவியபடி ஒரு கிண்ணமும் இருக்கும், அதற்குப் பெயர் செலுட். செலுட்டில் இரண்டு வடிவத்தை ஜாவாவில் பழத்தின் பெயரால் சொல்கிறார்கள், சின்னது எலுமிச்சை வகை, பெரியது கமலா ஆரஞ்சு வகை. பெயர் கேட்டாலே உருவம் தெரிந்துவிடுகிறது இல்லையா. கல்லும் பொன்னும் சேர்வது முக்கால்வாசி இந்த இரண்டு உறுப்பில்தான், மரத்தில் அல்ல.

இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஆனால் 23 குழி என்று அவர் சொன்னதும் என் மனம் குழியிலேயே மாட்டிக்கொண்டது.

எண்ணினேன். மரத்தில் 19, வளையத்தில் 4. கணக்குச் சரி.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டல்ல. கெரிஸ் கத்தியை ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜாவானிய சுரோ மாதத்தில், எலுமிச்சைச் சாற்றில் கழுவி வாரங்கான் என்ற ஆர்சனிக் கலவை பூசுவது வழக்கம். இரும்பு கறுக்கும், அதில் நிக்கல் உள்ள அடுக்குகள் வெள்ளையாக நிற்கும், பாமோர் என்ற அந்தக் கோலம் அப்படித்தான் எழும்பித் தெரிகிறது. பிடியைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்வார்கள் என்றாலும் பல தலைமுறையாகக் கழற்றி மாட்டியதில் அடித்துளைக்குள்ளும் பழைய துணிச் சுற்றிலும் அந்த விஷம் ஒட்டியிருக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஊதாதீர்கள், சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். முதல் நாள் நான் வெறுங்கையால்தான் எடுத்தேன், பிறகு கையை நன்றாகக் கழுவினேன்.

சரி. கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவின் 10 மடங்கு லென்ஸ், போன் கேமரா, ஒரு சின்ன டார்ச், புற ஊதா ஒளி தரும் ஒரு யூவி டார்ச், பற்குச்சி. பற்குச்சி ஆழம் பார்க்க, சுரண்ட அல்ல.

டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கத்தில் கிடைமட்டமாக வைத்து அடித்தால் மரத்தின் மேடுபள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அப்படிப் பார்த்ததில், மரத்தில் இருந்த 19 குழியில் மூன்று மற்ற 16 போல இல்லை என்று உடனே தெரிந்தது. அந்த மூன்றும் பூவின் நடுவில் இல்லை, ஒன்று இதழின் ஓரத்தில், இரண்டு இலைக்குக் குறுக்கே. ஒரு மில்லிமீட்டர் சுமார் அகலம், சரியான வட்டம், ஆனால் உள்ளே சாய்வாக ஓடுகின்றன. பிடியை வெள்ளைத் தாளின்மேல் மெல்லத் தட்டினேன், மாவு போலத் தூள் விழவில்லை, நல்லவேளை. மரம் அரிக்கும் வண்டு வெளியே வந்த துளை அது, எந்தக் காலத்திலோ வந்து போயிருக்கிறது. நகைக்கடையில் கொடுத்திருந்தால் அந்த மூன்றிலும் சிவப்புக் கல் உட்கார்ந்திருக்கும்!

மீதி 16தான் என்னை ஒரு வாரம் படுத்தியது. எல்லாமே பூக்களின் நட்ட நடுவில். கல் வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? நானும் கல்தான் என்று முடிவே கட்டிவிட்டேன், என்ன கல் என்பதுதான் கேள்வி என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்ததும் முடிவு ஆட்டம் கண்டது.

கல் பதிக்கும் குழிக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும், அல்லது கல்லின் அடிப்பக்கத்துக்கு ஏற்ற இருக்கை இருக்க வேண்டும். இந்த 16ம் கூம்பு, அடியில் ஊசிமுனை போல முடிகின்றன. கிளிஞ்சல் ஓடோ எலும்பு வில்லையோ பதிப்பது என்றால் ஆழமில்லாத, அகலமான படுகையாகத் தோண்டி, ஒட்டுவது பிடித்துக்கொள்வதற்காக அடியைக் கீறி விடுவார்கள், இங்கே கீறல் இல்லை. உலோகக் கம்பியை மரத்தில் அடித்து இறக்குவது என்றால் வாய் குறுகலாகவும் அடி விரிந்தும் இருக்க வேண்டும், அல்லது அடித்த வேகத்தில் ஓரத்து மரம் நசுங்கியாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லை. குமிழாணி இருந்திருந்தால் குழியின் நடுவே இன்னொரு மெல்லிய துளை போயிருக்கும். பித்தளையோ செம்பு கலந்த பொன்னோ இருந்த இடத்தில் பச்சைக் கறை படியும், வெள்ளி இருந்த இடம் சாம்பல் கலந்த கறுப்பாகும், இரும்பு ஆணி இருந்தால் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து மை கொட்டியது போல நீலக்கறுப்பாகிவிடும். மாற்று உயர்ந்த பொன் மட்டும்தான் கறையே விடாமல் போகும். அந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் ஓட்டினேன்.

கடைசியில் தீர்த்து வைத்தது நிறம். எதையாவது வைத்து மூடிய மரம், காற்றும் கை எண்ணெயும் படாமல் வெளிறிய நிறத்தில் இருக்கும். மூடியது விழுந்து எத்தனை காலம் ஆனாலும் அடிப்பக்கம் சுற்றியுள்ள மரத்தோடு முழுதாக ஒன்றாவது அபூர்வம். இந்தக் குழிகள் உள்ளே வரைக்கும் ஒரே கருஞ்சிவப்பு, ஒரே மெருகு. இருட்டறையில் யூவி டார்ச் அடித்தபோது பிடி முழுவதும் லேசான ஆரஞ்சு நிறத்தில் மினுங்கியது, அது அரக்குப் பூச்சு, அரக்கு யூவியில் அப்படித்தான் தெரியும். அந்த ஆரஞ்சு குழிகளுக்குள்ளும் இறங்கியிருந்தது. செதுக்கி முடித்து, குழி வெறுமையாக இருக்கும்போதே அரக்கு பூசியிருக்கிறார்கள். அங்கே எதுவும் எப்போதும் இருந்ததில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, போன வருடம் சுமெனெப் போனபோது ஏங் தோங்-தோங் என்ற கெரிஸ் கொல்லர் கிராமத்தில் ஒரு பட்டறையில் பார்த்தது. பிடி செதுக்கிக் கொண்டிருந்தவர் இதழை முடித்துவிட்டு, ஒரு கூர்முனையைப் பூவின் நடுவில் நட்டு இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினார், மூன்று உருட்டு, அவ்வளவுதான். குழிக்குள் நிழல் விழுந்ததும் தட்டையாகக் கிடந்த பூ எழுந்து நின்றது. அதை ரசித்துப் பார்த்துவிட்டு வந்த நானே இங்கே ஒரு வாரம் கல் தேடியிருக்கிறேன். பெரிய பூவுக்குப் பெரிய குழி, சின்னப் பூவுக்குச் சின்னக் குழி என்று இருந்ததும் அப்புறம்தான் உறைத்தது. கல் வாங்கிப் பதிக்கிறவர் ஒன்றிரண்டு அளவில்தான் வாங்குவார், 16 பூவுக்கு 16 அளவு வராது.

இது மதுராப் பிடிக்குச் சரி, எல்லாத் தீவுக்கும் இதையே சொல்லிவிட முடியாது. இந்தோனேசியக் கத்திகளில் குழி என்றால் ஊருக்கு ஒரு அர்த்தம். போர்னியோவின் தயாக் மக்களின் மண்டாவ் வாளை எடுத்துக்கொள்ளுங்கள், மான்கொம்பில் செதுக்கிய அதன் பிடியில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். முதலில் பார்ப்பவர் மணி விழுந்துவிட்டது என்பார். அது முடி செருகிய துளை, ஆட்டு முடியோ மனித முடியோ கொத்தாக வைத்துப் பிசினால் ஒட்டியது. பூச்சி தின்று முடி போய்விடும், துளைக்குள் பிசினும் நறுக்கிய முடியின் அடிக்கட்டையும் மட்டும் இருக்கும், அதுவும் லென்ஸ் வைத்தால்தான் தெரியும். பாலியில் கதையே வேறு. அரண்மனைக் கெரிஸ்களில் உட்கார்ந்த தெய்வ உருவமோ அரக்க உருவமோ பிடியாக வரும், பொன் தகடு போர்த்தி, கிரீடம், மார்பு, தோள்வளை என்று வரிசையாகச் சிவப்புக் கற்கள். அங்கே காலிக் கூடு தெரிந்தால் நிச்சயம் கல் இருந்ததுதான், மாணிக்கமா, அதைப் போலவே இருக்கும் ஸ்பினலா, வெறும் கண்ணாடியா என்பதுதான் கேள்வி. சுமத்ரா, சுலாவெசிப் பக்கம் கத்தியைப் பிடியில் நிறுத்தவே பிசின் ஊற்றுவது உண்டு, அதனால் பிசின் கண்டவுடன் பதித்த கல் என்று குதித்துவிடக் கூடாது. அங்கே கிடைக்கும் டாமர் பிசின் நம் குங்கிலியத்துக்கு உறவுதான், கொஞ்சம் சூடு காட்டினால் அந்த வாசமே சொல்லிவிடும், ஆனால் பழைய பிடிக்குச் சூடு காட்டிப் பார்ப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது வளையம். இங்கே சந்தேகமே இல்லை, 12 கூடு, 8 கல், 4 காலி. கூடு எல்லாம் பின்புறம் மூடியவை. கல்லுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்து, வெளிச்சம் திரும்பி மேலே வரும்படி செய்வது பழைய வழக்கம், நம் ஊர் மூடிய வேலையிலும் அதேதான், தகட்டின் பளபளப்பில்தான் மெல்லிய கல்லும் எரியும். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் செத்துவிடும். நான்கு காலிக் கூட்டில் மூன்று அடுத்தடுத்து இருந்தன, அவற்றின் விளிம்பு ஒரே பக்கமாக வெளியே மடங்கியிருந்தது, உள்சுவரில் ஊசிக் கீறல். நெம்பி எடுத்திருக்கிறார்கள், ஒரே ஆள், ஒரே உட்காரலில். நான்காவது எதிர்ப்பக்கம், விளிம்பு அப்படியே இருக்கிறது, உள்ளே காய்ந்த மெழுகு போல ஏதோ, ஒரு துணுக்குத் தகடு. அது தானாக விழுந்தது.

இருக்கும் எட்டையும் விடவில்லை. ஐந்தில் முகமுனைகள் கூராக இருந்தன, அடி தட்டையான ரோஜா வெட்டு, மூச்சு விட்டால் ஆவி உடனே மறைந்தது, யூவியில் இரண்டு நீலமாகக் கண் சிமிட்டின. வைரம்தான், பொடி வைரம். மற்ற மூன்றின் முனைகள் மழுங்கிப்போய், ஒன்றின் வயிற்றுக்குள் ஒரு காற்றுக் குமிழி வேறு. கண்ணாடி. அவற்றைச் சுற்றி யூவியில் பளீரென்று நீலவெள்ளை, நம் காலத்துப் பசை. ஆக, முன்பே யாரோ ஒருவர் மூன்று கல் காணாமல் போனதை மறைத்து வைத்திருக்கிறார். காணாமல் போனது வளையத்தில் நான்கு அல்ல, ஏழு. (வைரம் பார்க்கும் மின் கருவியை இவ்வளவு சின்னக் கல்லில் நம்பாதீர்கள், முனை பக்கத்து உலோகத்தில் பட்டால் எதையும் சொல்லும்.)

23 என்று ஆரம்பித்த கணக்கு 7ல் வந்து நின்றது. நண்பருக்குச் சொல்லிவிடலாம் என்று எல்லாவற்றையும் கட்டி வைக்கப் போனேன். வளையத்தைப் பிடியின் அடியில் மாட்டிப் பார்த்தால் ஆடுகிறது. சுற்றிலும் ஒரு இடைவெளி, யாரோ நியூஸ்பேப்பரை மடித்து அடைத்திருந்த சுவடு. இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தவர்கள் வளையத்தை மட்டும் தொளதொள என்று விட்டிருப்பார்களா?

பிடியைத் தலைகீழாகத் திருப்பி டார்ச்சைக் கிடைமட்டமாக அடித்தேன். கழுத்தைச் சுற்றி எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அங்கே செதுக்கலே இல்லை, மரம் மொட்டையாக, மற்ற இடத்தைவிட நன்றாக வெளிறி, அரக்குப் பூச்சும் அந்த எல்லையில் வந்து நின்றுவிட்டது. மேல் ஓரத்தில் முடிபோல ஒரு பச்சைக்கோடு. பத்து நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பிடியின் அடி சும்மா அப்படித்தான் இருக்கும் என்று தாண்டிப் போயிருக்கிறேன். குழிகள் கண்ணைக் கட்டிவிட்டன.

செலுட் இருந்த இடம் அது. கல் பதித்த கிண்ணம் முழுசாகவே போயிருக்கிறது. செம்பு கலந்த உலோகம் என்பது பச்சைக்கோட்டில் தெரிகிறது, பொன்னும் செம்பும் கலந்த சுவாசா என்ற கலப்பாகவும் இருக்கலாம், வெள்ளியில் பொன்முலாம் பூசியதாகவும் இருக்கலாம், அதற்கு மேல் பட்டையை வைத்துச் சொல்ல முடியாது. கிண்ணத்தின் உயரம் குறைந்தது எட்டு மில்லிமீட்டர், உள்விட்டம் கழுத்தின் விட்டம்தான், வளையத்தின் மேல்வாயை அளந்தால் கிண்ணத்தின் அடி எவ்வளவு இருந்தது என்பதும் கிடைத்துவிடுகிறது. ஒரு பொருள் கையில் இல்லாமலே அதன் மூன்று அளவு எழுதிவைத்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு நண்பரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெடோக்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனோம். எண்பதைத் தாண்டியவர், தேநீரும் வாழைப்பழ வறுவலும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "மாக் சிக் (மலாயில் அத்தை, சித்தியைக் கூப்பிடுவது), இந்தப் பிடிக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஏதாவது இருந்ததா" என்று கேட்டேன். பிடியைக் கையில் வாங்கி, கழுத்தை விரலால் சுற்றித் தடவினார். இருந்தது என்றார். அவருக்கு அது கெரிஸின் உறுப்பு என்றே தெரியாதாம், அம்மாவின் நகை என்றுதான் நினைத்திருக்கிறார், இந்தான் பூடி பதித்தது, தம்பி பிறந்த வருடம் அடகுக் கடைக்குப் போனது, மீட்கவில்லை.

இந்தான் பூடி என்று அவர் சொன்னதும் நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இந்தான் என்றால் மலாயில் வைரம், பூடி என்றால் சின்னஞ்சிறு கற்கள், அது நம் பொடிதான். மாணிக்கம் மலாயில் மணிக்கம் ஆனது போல இதுவும் கப்பலேறிப் போன சொல். அப்பா வாயிலிருந்து பொடிக்கல் என்ற வார்த்தை கேட்காத நாளே எங்கள் வீட்டில் கிடையாது. பெடோக்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரு போயான் பாட்டி அதே சொல்லை, அதே வேலைக்குச் சொன்னபோது சட்டென்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவரும் ஏன் என்று கேட்காமல் இன்னொரு வறுவலை என் தட்டில் வைத்தார்.

அருங்காட்சியகத்தில் கல் ஒன்றுகூடக் குறையாத கெரிஸைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த அடகுக் கடைதான் ஞாபகம் வருகிறது. நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும், நானும் செலுட்டின் வடிவம் பார்க்க அங்கேதான் போனேன். ஆனால் அவற்றில் சில எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதையும் மறக்க முடியாது. 1894ல் லொம்போக், 1908ல் பாலியின் குலுங்குங் என்று டச்சுப் படை அரண்மனைகளைச் சூறையாடி எடுத்துப்போனவை. 2023 ஜூலையில் நெதர்லாந்து 478 பொருட்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தது, லொம்போக் புதையலில் 335 பொருட்களும் குலுங்குங் கெரிஸும் அதில் அடக்கம் (ஆறு பொருட்கள் இலங்கைக்கு, மற்றவை இந்தோனேசியாவுக்கு). பெட்டிக்குள் பூட்டி வைத்தது முழுதாக இருக்கும். வீட்டில் இருந்தது பிரசவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒரு ஓட்டுநரின் வீட்டில் மனைவி கிண்ணத்தை எடுத்துப்போய் வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு, பிடியையும் கத்தியையும் கணவனுக்கு விட்டுவைத்திருக்கிறார் என்றால், அந்தப் பட்டை எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

சிவப்புக் கல் யோசனையை நண்பர் தானாகவே விட்டுவிட்டார். மதுராவில் சொல்லிப் புது செலுட் செய்யலாமா என்று கேட்டார், செய்யலாம், நல்ல கைகள் அங்கே இருக்கின்றன, ஆனால் புதியது புதியது என்று தெரியும்படி, கழற்றிவிடக் கூடியதாக, பசையே இல்லாமல் செய்ய வேண்டும், உள்ளே செய்த ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்றேன். காலிக் கூடு நான்கையும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி மூன்றையும்கூட எடுக்க வேண்டாம் என்றுதான் என் எண்ணம், அதை ஒட்டியவரும் அந்த வீட்டு ஆள்தானே. இதில் நண்பருக்கு உடன்பாடு இல்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு பிடி இருந்தால் இரண்டே விஷயம் கேட்டுக்கொள்கிறேன். கழுவாதீர்கள், கிளிஞ்சலோ பவளமோ பதித்திருந்தால் எலுமிச்சை பட்டாலே அரிக்கத் தொடங்கிவிடும். அப்புறம், குழியை மட்டும் படம் எடுக்காமல் பிடியின் அடியையும் கழுத்தையும் நான்கு பக்கமும் பக்கவெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். இந்தோனேசியாவிலிருந்து வாங்கிவர நினைப்பவர்கள் அங்கே 2010ல் வந்த 11ஆம் எண் பண்பாட்டு மரபுச் சட்டத்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள், 50 ஆண்டு தாண்டிய பொருள் அதற்குள் வரலாம், வெளியே கொண்டுவர அனுமதி தேவைப்படலாம்.

போன வாரம் பிடியைத் திருப்பிக் கொடுத்தேன். அமிலம் இல்லாத தாளில் சுற்றி, குழிக்குழியாக எழுதிய நான்கு பக்கக் குறிப்பையும் படங்களையும் ஒரு உறையில் போட்டு, கூட அப்பா செய்வது போல நான்காவது காலிக் கூட்டிலிருந்து தானாக உதிர்ந்திருந்த தகட்டுத் துணுக்கைத் தனியாக மடித்து, மேலே "வளையம், கூடு 9" என்று எழுதி வைத்திருக்கிறேன். அத்தை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லையாம், கத்தி இருக்கும் அலமாரியில் கத்தியுறைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று நண்பர் நேற்றுச் சொன்னார்.